வட்டியில்லை, ஆனால் இலவசமும் இல்லை

மலேசியாவில் இஸ்லாமிய வங்கி என்றால் வட்டியே இல்லாத இலவசக் கடன், அதுவும் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

ஷரியா, அதாவது இஸ்லாமியச் சட்டம், தடுப்பது வட்டியைத்தான், லாபத்தை அல்ல. முராபஹா என்ற, லாபம் சேர்த்து விற்கும் முறையில் கடைக்கு ஒரு இயந்திரம் வேண்டும் என்று கேட்டால், வங்கி அதை உதாரணமாக 50,000 ரிங்கிட்டுக்கு வாங்கி, 60,000க்கு நம்மிடமே விற்கும். தவணையில் கட்டிக்கொள்ளலாம். அந்த 10,000தான் வங்கியின் லாபம். கையிலிருந்து போகும் பணத்தைப் பார்த்தால் சாதாரணக் கடனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இது பெயரை மட்டும் மாற்றிய வட்டி என்று முஸ்லிம் அறிஞர்களிலேயே சிலர் குறை சொல்வதுண்டு. அந்த விமர்சனத்தில் எனக்கும் கொஞ்சம் உடன்பாடுதான்.

அப்புறம், மதம் யாருக்கும் தடையில்லை. நம் தமிழர்கள், சீனர்கள் எல்லாருமே கணக்கு வைக்கலாம், வீட்டுக்கடனும் வாங்கலாம். 1983இல் தனிச் சட்டம் போட்டு இஸ்லாமிய வங்கிமுறையைத் தொடங்கியபோதும் வழக்கமான வங்கிகளை அரசு மூடவில்லை. எது வேண்டுமோ அதை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளலாம்.

மதம் உண்மையில் குறுக்கிடுவது வேறு இடத்தில். ஒப்பந்தம் ஷரியாப்படி செல்லுமா என்ற கேள்வி எழுந்தால், 2009 மத்திய வங்கிச் சட்டப்படி, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றம் சொல்வது நீதிமன்றத்தையே கட்டுப்படுத்தும். வாடிக்கையாளர் முஸ்லிமா இல்லையா என்பது அங்கே கணக்கில் வராது. விவாதிப்பதென்றால் அதை விவாதியுங்கள்.