கூண்டு ஏற்றியாச்சு, சாய்தளம் எங்கே?

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தமிழ்நாட்டுக்கே செய்தி. டிவியில் அடியில் ஓடும், மீன்பிடிக்கப் போக டோக்கனை நிறுத்துவார்கள். அப்புறம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் காப்பகத்துக்குப் போங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போவார்கள். காது கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள், கால் உள்ளவர்கள் நடந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "அதெல்லாம் வீட்டு ஆளுக பாத்துக்குவாங்க" என்பதுதான் இத்தனை வருடமாக நம் கரையில் கிடைக்கும் பதில்.

சட்டம் அப்படி விடவில்லை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 8-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். இயற்கைப் பேரிடரில் மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான பாதுகாப்பு கொடுக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகுந்த முறையில் தெரிவிக்கவும் வேண்டும். உதவித்தொகை, பஸ் பாஸ், சைடு வீல் ஸ்கூட்டர் எல்லாம் நமக்கு மனப்பாடம். இந்தப் பிரிவை மட்டும் மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. புயலடிக்கிற கரையில் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

நான் கட்டட வேலை பார்க்கிறவன். எங்கே போனாலும் கண் முதலில் பேஸ்மட்டத்துக்குத்தான் போகும். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் ஆட்களைத் தங்கவைக்கும் ஒரு கட்டடம் இருக்கிறது. வெள்ளம் ஏறக் கூடாது என்று தரையை மூன்றரை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சரி, கடலோரத்தில் அப்படித்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டில் ஒரு சாய்தளமும் இருக்கிறது. டேப் பிடித்துப் பார்த்தேன், பதினாலு அடி நீளம். சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதைவிடச் செங்குத்தாகப் போகக் கூடாது. மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு அடி வேண்டும். நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு வேண்டும். அவ்வளவு இடம் இல்லையே என்பார்கள். திருப்பித் திருப்பி மடக்கிப் போட்டால் இடம் வரும், ஒரு நல்ல மேஸ்திரிக்கு அரை நாள் யோசனை. பதினாலு அடியில் போட்ட சாய்தளத்தில் சக்கர நாற்காலியை ஏற்ற பின்னால் ஓர் ஆள், முன்னால் ஓர் ஆள் வேண்டும். மழையில் சிமென்ட் வழுக்கினால் மூன்று பேரும் சேர்ந்து கீழே வருவார்கள்.

அதோடு விட்டதா? சாய்தளம் முடிகிற இடத்தில் சாலை இல்லை, மணல். நம் ஊர் மணலில் நாற்காலியின் முன் சக்கரம் ஓரடி போனால் புதைந்துவிடும். கைப்பிடிக்கு வைத்த இரும்புக் குழாய் உப்புக் காற்றில் அரித்து, பிடித்தால் கையில் உதிர்கிறது, அதுவும் ஒரு பக்கம்தான். வரைபடத்தில் சாய்தளம் இருக்கும், பில்லிலும் இருக்கும், திறப்பு விழாப் போட்டோவிலும் இருக்கும்.

உள்ளே கழிப்பறைக்கு வருவோம். மேலைநாட்டுக் கோப்பை வைத்த அறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று தெரியவில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். பக்கவாதத்தில் படுத்திருக்கும் எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒவ்வொரு மழைக்கும் சொல்கிற வார்த்தை, "நான் இங்கனயே கெடந்துக்கிறேன்டா, பிள்ளைகளத் தூக்கிட்டுப் போங்க". அவருக்குப் புயலைவிட அங்கே ராத்திரி யாரைக் கூப்பிட்டு ஒன்றுக்குப் போவது என்ற பயம்தான் பெரிது. அதற்காக மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஒரு பூட்டுக்கு இவ்வளவு விலை.

நீதிமன்றம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2017-இல் இந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு கொண்டுவந்த விதிகளில் 15-ஆவது விதி, அணுகல் தரங்களை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் புழங்கும்படி கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகளை, வெறும் வழிகாட்டுதல் மாதிரி வைத்திருந்தது, செய்தால் நல்லது என்கிற கணக்கு. பார்வையற்றவரான ராஜீவ் ரதுரி 2005-லிருந்து நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அந்த விதி தாய்ச் சட்டத்துக்கே முரண் என்றது, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. அது நடந்து பன்னிரண்டாம் நாள், நவம்பர் 20-இல், ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. மேகவெடிப்பு என்றார்கள். தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நாளில் தீர்ப்பு எந்தக் கட்டடத்தின் படியில் ஏறும்?

பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2022-இல் அந்தக் கெடு முடிந்துவிட்டது. மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கட்டட வேலையில் இருக்கிறவனிடம் இந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பான்.

ஏர்வாடியை விட்டுவிட்டு இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். மனநோயும் இன்றைய சட்டம் சொல்லும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்று. தப்பிக்க வழி வைப்பதும் அணுகல்தான்.

காது கேளாதவர்களுக்கு மைக் ஆட்டோ எதற்கு ஆகும்? 2023-இல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறி அதிர்ந்ததே, அந்தச் சோதனை எச்சரிக்கை மாதிரி ஒன்று வந்தால் தெரியும். போன் இல்லாதவர் வீட்டுக்கு ஓர் ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு யார் வீடு எங்கே என்ற பட்டியல் வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த 8-ஆவது பிரிவுக்குத்தான் வருகிறோம்.

நவம்பர் 1 கிராம சபை, புயல் மாதத்தின் முதல் நாளே கூடுகிறது. வழக்கமாக வரவு செலவு வாசித்து, டீ குடித்துக் கலைவோம். இந்தத் தடவை இரண்டைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லப்போகிறேன். ஒன்று, நம் ஊராட்சியில் தூக்கிப்போக வேண்டியவர்கள், காது கேளாதவர்கள், பார்வையில்லாதவர்கள் யார் யார், ஒவ்வொருவரையும் கூட்டிப்போகப் பொறுப்பு யார் என்ற பட்டியல். இரண்டாவது, காப்பகச் சாய்தளத்தை எல்லார் முன்னாலும் அளப்பது. டேப் நான் கொண்டுவருகிறேன். அந்தக் கழிப்பறைச் சாவி வைத்திருக்கிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்குக் கையோடு எடுத்துவரட்டும்.