பூர்வீகமும் பிறந்த ஊரும் ஒண்ணு இல்ல
"பூர்வீகம்னா ஒருத்தர் பிறந்த ஊர்"னு கட்டுரையில ஒரே வரில முடிச்சிட்டீங்க, அத என்னால ஏத்துக்க முடியல. நான் கோத்தகிரி, எங்க பக்கம் டீ எஸ்டேட்ல இருக்கிற தாயகம் திரும்பின குடும்பங்கள்ல பெரியவங்க நெறைய பேர் பிறந்தது இலங்கையில அட்டன், நுவரெலியா பக்கம், 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல அங்க இருந்த இந்திய வம்சாவளி மக்கள்ல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கணும்னு முடிவு பண்ணி அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பி வச்சாங்க. அவங்ககிட்ட பூர்வீகம் எதுன்னு கேட்டா துறையூர், முசிறின்னு பாட்டன் பூட்டன் இலங்கைக்குக் கிளம்பிப்போன ஊரத்தான் சொல்வாங்க, அதுல பல பேர் அந்த ஊர கண்ணால பார்த்ததே கிடையாது. இலங்கையில இருந்தவரைக்கும் இந்தியாக்காரன், இங்க வந்தா சிலோன்காரன், இது எவ்ளோ பெரிய வேதனை. மேல கமெண்ட்ல ஒருத்தர் ரேஷன் கார்டு எங்க இருக்கோ அதான் பூர்வீகம்னு போட்டிருக்கார், அது வசிக்கிற இடம் சார். பூர்வீக சொத்து, பூர்வீக வீடுன்னு சொல்றோமே, அது முன்னோர் வழியா வந்தது தானே, நாம பிறந்த ஆஸ்பத்திரி இருக்கிற ஊரையா சொல்றோம்? தயவுசெஞ்சு அந்த வரிய மாத்துங்க.