பாக்ஸ் என்னுது, டிஸ்க் என்னுது, சாவி மட்டும் அவங்ககிட்ட!

டிவி நிகழ்ச்சியை டிஸ்க்ல பதிஞ்சு வைக்கிற செட்டாப் பாக்ஸ், காசு கொடுத்து வாங்கின ரெக்கார்டர். நேரம் பார்த்து, ரிமோட்டைத் தட்டித் தட்டி நானே சேர்த்து வச்ச ரெக்கார்டிங். இடம் பத்தலை, பெரிய பாக்ஸுக்கு மாறலாம்னு பாக்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டா, எதிர்முனையில ஒருத்தர் அலட்டிக்காம சொல்றார்: "பழைய ரெக்கார்டிங் எல்லாம் போயிடும் சார்."

போயிடுமா? எங்க போகும்? டிஸ்க் என் வீட்டு டிவிக்குக் கீழதானே இருக்கு!

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் பெட்டிகள் நிகழ்ச்சியைப் பூட்டுப் போட்டுத்தான் டிஸ்க்ல எழுதுது. அந்தப் பூட்டோட சாவி அந்த ஒரு பெட்டிக்குள்ள மட்டும் இருக்கு. டிஸ்க்கைக் கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டினா, "இதை ஃபார்மட் பண்ணட்டுமா?"ன்னு கேக்குது. அதே கம்பெனி, அதே மாடல் பாக்ஸ் இன்னொண்ணுல மாட்டினாலும் அதே கதை. பெட்டிக்குள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு புகைஞ்சு போச்சுன்னா, டிஸ்க் முழுசா நல்லா இருந்தும் உள்ள இருக்கிற எதையும் பார்க்க முடியாது.

சேனல்காரங்க உரிமை, காப்பிரைட்னு காரணம் சொல்லுவாங்க. டிவியில வர்றதை வீட்ல பதிவு பண்ணி அப்புறம் பார்க்கிறது தப்பில்லைன்னு 1984-லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சோனியோட பீட்டாமேக்ஸ் கேசட் ரெக்கார்டர் பத்தின வழக்கு. வீடியோ கேசட்டை ஒரு ரெக்கார்டர்ல இருந்து எடுத்து இன்னொண்ணுல சொருகினா ஓடும். யாரும் சாவி கேட்கலை. 1999-ல டிவோ மாதிரி, கேசட் இல்லாம டிஸ்க்லயே பதியற பெட்டிகள் வந்தப்போ, கேசட் தொல்லை ஒழிஞ்சுதுன்னு எல்லாரும் குதிச்சோம். ஒழிஞ்சது கேசட் மட்டும் இல்லைன்னு இப்பதான் உறைக்குது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேங்கிறான்.

சரி, ஏன் மாத்தணும்னு கேப்பீங்க. அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல "500 மணி நேரம்". பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. அதுக்கு விளக்கம் அடியில எறும்பு சைஸ்ல: எஸ்டி தரத்தில். எஸ்டின்னா ஹெச்டிக்கு முந்தின பழைய, தெளிவு கம்மியான படம். இந்தக் காலத்துல எவன் எஸ்டி பார்க்கிறான்? நொடிக்கு 8 மெகாபிட் வேகத்துல வர்ற ஹெச்டி சேனல்னா, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. 500 ஜிபி டிஸ்க்ல 140 மணி நேரம்கூடத் தேறாது. அதுலயும் லைவா ஓடுறதை நடுவுல நிறுத்தி வச்சுப் பார்க்கிறதுக்குன்னு (லைவ் பாஸ்) கொஞ்சத்தை அதுவே ஒதுக்கி எடுத்துக்கும்.

அந்த லைவ் பாஸ் வசதி இருக்கே, அதுதான் டிஸ்க்குக்கு எமன். நீங்க ரெக்கார்ட் போட்டாலும் போடாட்டியும், டிவி ஓடுற வரைக்கும் அது எழுதிக்கிட்டே, அழிச்சுக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுப் பெட்டி ஸ்டாண்ட்பைல போட்டாலும் நிக்காது. சிவப்பு விளக்குதான் எரியும், உள்ள டிஸ்க் சுத்திக்கிட்டே கிடக்கும். கையை வச்சா தோசைக்கல் சூடு. அப்புறம் ஒரு நாள் 'டிக்... டிக்...'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்துட்டா படம் கட்டம் கட்டமா உடையும், ரிமோட் அமுக்கினா யோசிச்சுட்டு வரும், கடைசியில மெனுவே வராது. தேய்ஞ்சு போகும்னு தெரிஞ்ச ஒரு உதிரிபாகத்துக்குள்ளயே எல்லாத்தையும் போட்டு, வெளிய ஒரு காப்பிகூட எடுக்க விடாம அடைக்கிறது எந்த ஊர் நியாயம்?

பழைய பெட்டிகள் சிலதுல 137 ஜிபிக்கு மேல டிஸ்க் போட்டா மிச்சம் அதுக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு; அந்தப் பெட்டிக்கு 28 பிட் எண்ணுக்கு மேல எண்ண வராது. அது இயலாமை, மன்னிச்சுடலாம். இப்ப இருக்கிறது வேணும்னே போட்ட பூட்டு. இதுல வேடிக்கை, டிவோ பெட்டிக்குள்ள ஓடினது யார் வேணும்னாலும் திருத்தலாம்னு இலவசமாக் கொடுத்த லினக்ஸ்ங்கிற மென்பொருள். ஆனா திருத்தின மென்பொருளைப் போட்டா பெட்டி ஓடாது! அந்தக் கடுப்புலதான் 2007-ல வந்த ஜிபிஎல்-ங்கிற இலவச மென்பொருள் உரிமத்தோட மூணாம் பதிப்புல இதுக்கு எதிரா தனியா விதியே சேர்த்தாங்க.

யுஎஸ்பில வெளி டிஸ்க் மாட்டிக்கலாமேன்னு ஒரு நண்பர் யோசனை சொன்னார். மாட்டலாம். மாட்டினதும் முதல் வேலையா அதுல இருக்கிறதை மொத்தமா அழிக்கும், அப்புறம் அதையும் தன்னோட சாவியிலயே பூட்டிக்கும். அடுத்த பாக்ஸுக்கு அதுவும் வெறும் இரும்புதான்.

தொடர் ரெக்கார்டிங் பட்டியலையாவது புதுசுக்கு மாத்தித் தருவாங்களான்னா, அதுவும் கிடையாது. ஒவ்வொண்ணா திரும்பப் போடணும். மேட்ச் இழுத்துக்கிட்டுப் போனா அடுத்து வர்ற படத்தோட கிளைமாக்ஸ் வெட்டுப்படுமேன்னு ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம் கூடுதலா வச்சிருந்தேன். எல்லாம் அம்போ.

மிச்சம் இருக்கிறது ஒரே வழி. பாக்ஸ்ல இருந்து டிவிக்குப் போற ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியா காப்பி எடுக்க முடியாது, அங்க ஹெச்டிசிபின்னு இன்னொரு பூட்டு. பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை மாட்டி, எஸ்டி தரத்துல, ஓட ஓடப் பதியணும். நூறு மணி நேரத்தைக் காப்பி எடுக்க நூறு மணி நேரம்! பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையாவது செய்வோம், இனிமே சேர்க்கிறதையும் அப்படியே எடுத்துப்போம்னு புதுப் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தா, அந்த மூணு ஓட்டையையும் எடுத்துட்டானுங்க.