துடிப்பு அடங்கியது, ஆள் பிழைத்தாரா?

மருந்துகளைச் சோதிக்கும் முறை பற்றிய இந்தக் கட்டுரையில், நோயாளியின் பரிசோதனை அளவுகள் சீரானாலே மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம் எனக் கட்டுரையாளர் எழுதுகிறார். அங்கேதான் இடறுகிறது. 1980களில் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய மருந்துகளைக் கொடுத்தார்கள். தாறுமாறான துடிப்பு அடங்கியது. ஈசிஜி தாளில் கோடுகள் அழகாக ஓடின. துடிப்பு அடங்கினால் உயிர் தங்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்கும் தோன்றியிருக்கும். பிறகு ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாமல் வைத்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள். 1989இல் அவ்விரண்டு மருந்துகளையும் சோதனையின் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வெறும் மாத்திரை கொடுப்பது ஏமாற்று வேலை என்று இங்கே பின்னூட்டத்தில் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுக்கிறார்கள், ஐயா. மேற்சொன்ன சோதனையில் அந்த வெறும் மாத்திரை கிடைத்தவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள்!

அரிய பக்கவிளைவு வேறு கதை. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது, மூவாயிரம் பேரை வைத்து நடத்தும் சோதனையில் கண்ணில் படாமலே போகலாம். விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு தொடர்வது அதனால்தான். கட்டுரை அதை ஒரே வரியில் தாண்டிவிட்டது.