யார் ஜெயித்தது?

இடம்: பாம்பன், ஒரு வீட்டுத் திண்ணை. நேரம்: இரவு பத்தரை மணி. ஆட்கள்: விசைப்படகு டிரைவர் முனியசாமி, அவர் மனைவி செல்வி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் நிம்மதியாக முட்டை போடட்டும் என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு. கரையில் இருக்கும் பெண்களின் நிம்மதியைப் பற்றி அந்த அரசாணையில் ஒன்றும் இல்லை. இன்று 23-வது நாள்.

முனியசாமி: செல்வி, அரை மணி நேரமாக அந்த போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறாய். பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஊரில் யாராவது தவறிவிட்டார்களா?

செல்வி: யாரும் தவறவில்லை. விளையாடுகிறேன்.

முனியசாமி: (படுத்திருந்தவர் எழுந்து உட்கார்கிறார்) விளையாட்டா! ரம்மியா? தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் பேங்க்கில் இருக்கிறதா, போய்விட்டதா?

செல்வி: காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்துக்கெல்லாம் 2025-லேயே தடை வந்துவிட்டது. உங்களுக்காவது 61 நாள்தான். அவர்களுக்கு மொத்தமாகவே.

முனியசாமி: அப்புறம் என்ன ஆட்டம் இது? பக்கத்து வீட்டுப் பையன் ஆடுவானே, டுமீல் டுமீல் என்று, அதுவா?

செல்வி: இதில் துப்பாக்கி இல்லை. பேர் ஹூக்.

முனியசாமி: ஹூக்கா? தூண்டில் முள்! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? கொடு, கொடு. என்ன மீன்?

செல்வி: மீன் கிடையாது.

முனியசாமி: தண்ணீர்?

செல்வி: அதுவும் கிடையாது.

முனியசாமி: கடைசியாக நாங்கள் தொழிலுக்குப் போனபோது தண்ணீராவது இருந்தது.

செல்வி: நன்றாகப் பாருங்கள். சும்மா வெறும் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் கொக்கி மாதிரி வளைவு. கோட்டின் ஆரம்பத்தைத் தொட்டால் கோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். வழியில் வேறு கோடு குறுக்கே நின்றால் மாட்டிக்கொள்ளும். எதை முதலில் எடுப்பது, எதை அப்புறம் எடுப்பது, அவ்வளவுதான் ஆட்டம். எல்லாம் போய்த் திரை காலியாகிவிட்டால் முடிந்தது. போலந்து நாட்டில் ஒருவர் செய்தாராம். பாப்பாதான் ஏற்றிக் கொடுத்துவிட்டு ராமநாதபுரம் ஹாஸ்டலுக்குப் போனாள்.

முனியசாமி: சிக்கு எடுக்கிற வேலையா! இருபத்தைந்து வருடமாகக் கயிற்றுச் சிக்கு எடுக்கிறவனிடமா இதைக் காட்டுகிறாய்? (தொடுகிறார். ‘டக்’ என்று சின்ன சத்தம்.) என்ன ஆச்சு?

செல்வி: மாட்டிக்கொண்டது.

முனியசாமி: இப்போது? (டக்.)

செல்வி: அதே கோட்டைத்தான் திரும்பவும் இழுக்கிறீர்கள்.

முனியசாமி: கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்த்தேன்.

செல்வி: அது கண்ணாடி. பலமாகத் தொட்டாலும் ஒன்றுதான், மெதுவாகத் தொட்டாலும் ஒன்றுதான். அந்தப் பெரிய கோட்டை விடுங்கள். மூலையில் சின்னதாக ஒன்று, யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கிறதே, அதைத் தொடுங்கள்.

(தொடுகிறார். சின்னக் கோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அடுத்தது போகிறது. அப்புறம் அந்தப் பெரியதும். திரை காலி.)

முனியசாமி: ம். போய்விட்டது. யார் ஜெயித்தது?

செல்வி: யாரும் இல்லை.

முனியசாமி: எவ்வளவு மார்க்?

செல்வி: மார்க் இல்லை. நேரமும் கிடையாது. தோற்றால் உயிர் போவது, காசு போவது எதுவும் கிடையாது.

முனியசாமி: மார்க் இல்லை, எதிராளி இல்லை, பந்தயம் இல்லை. இதற்கு ஆட்டம் என்று யார் பேர் வைத்தது? கேரம் போர்டு என்றால் எதிரே ஒருத்தன் வேண்டும். அவன் காயைப் போட விடாமல் நாம் பேசிப் பேசியே கெடுக்க வேண்டும். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். எதிராளியே இல்லாமல் என்ன சுவாரசியம்?

செல்வி: எனக்கு எதிராளிக்குப் பஞ்சமா? காலையில் ஐந்து மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஆரம்பித்தால் ராத்திரி உங்கள் குறட்டை வரை வரிசையாக நிற்கிறார்கள்.

முனியசாமி: அதைவிடு. பிரிக் கேம் என்று ஒன்று வந்ததே, கையடக்கமாக, கல் மேலிருந்து விழும். ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் வாங்கினேன். அது ஆட்டம்! வேர்த்துவிடும்.

செல்வி: டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் பஜித்னோவ் என்று ஒருவர் செய்தது. பாப்பா சொன்னாள். அதில் நீங்கள் எத்தனை தடவை ஜெயித்தீர்கள்?

முனியசாமி: (யோசிக்கிறார்) ஜெயிப்பது என்று அதில்... வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் கல் குவிந்து மேலே முட்டி, தோற்றுத்தான் போவோம்.

செல்வி: அதேதான். ஒன்றை அடுக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழும். கேஸ் சிலிண்டர், குழு லோன், பாப்பா பீஸ், உங்கள் அக்கா வீட்டு மொய். அந்த ஆட்டத்தைத்தான் நான் பகல் முழுக்க ஆடுகிறேனே. ராத்திரியும் அதையே ஆடச் சொல்கிறீர்களா?

முனியசாமி: சரி, இதில் மட்டும் என்ன கிடைக்கிறது? அதைச் சொல்.

செல்வி: இதில் கண்டிப்பாக விடை இருக்கிறது. செய்தவன் விடையை உள்ளே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். எனக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இருக்கிறது. அடகில் கிடக்கிற என் சங்கிலிக்கு விடை இருக்கிறதா என்று யாராவது உறுதி சொல்வார்களா?

முனியசாமி: (தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்) ஜூன் பிறக்கட்டும்.

செல்வி: போன ஜூனிலும் இதேதான் சொன்னீர்கள்.

முனியசாமி: என்ன இருந்தாலும், கோடு உள்ளே போவதைப் பார்ப்பதில் ஒரு மனிதனுக்கு என்ன சந்தோஷம்?

செல்வி: கேட்டீர்களே! அன்றைக்குப் புதுப் பாலத்தைத் தூக்கினார்கள். கப்பல் ஏதோ வந்தது. ரோட்டுப் பாலத்தில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?

முனியசாமி: அது எப்படி ஒன்றாகும்? 72.5 மீட்டர் நீளம்! அப்படியே அலுங்காமல் 17 மீட்டர் மேலே போகிறது. அந்தக் காலத்துப் பாலம், 1914-ல் கட்டியது, இரண்டு கையையும் விரிப்பது மாதிரித் திறக்கும். இது லிப்ட் மாதிரி நேராக ஏறுகிறது. கப்பல் போனதும் பழையபடி இறங்கித் தண்டவாளம் தண்டவாளத்தோடு வந்து உட்கார்ந்தது பார், அடடா!

செல்வி: யார் ஜெயித்தது?

முனியசாமி: என்னது?

செல்வி: பாலம் ஜெயித்ததா, கப்பல் ஜெயித்ததா? எத்தனை மார்க்? உங்களுக்கு எவ்வளவு காசு வந்தது? ஒன்றும் இல்லாததற்கு வாயைப் பிளந்துகொண்டு ஒரு மணி நேரம். மீன் வாங்கின பையைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலேயே வைத்துவிட்டு வந்தீர்கள். பூனை ஜெயித்தது.

(இதற்கு முனியசாமியிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கும் இல்லை. அந்தப் பாலம் தூக்கும்போது நானும் நின்று பார்த்தவன்தான்.)

முனியசாமி: உன்னை மாதிரி இதையெல்லாம் வேறு யாரும் ஆடுகிறார்களா, அல்லது நம் வீட்டில் மட்டும்தானா?

செல்வி: உலகமே ஆடுகிறது. வேர்டில் என்று ஒரு வார்த்தை ஆட்டம். ஐந்து எழுத்து, ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்கு வார்த்தை விளையாட்டு பிடிக்கும் என்பதற்காகவே செய்தாராம். 2021-ல் ஊருக்கும் திறந்துவிட்டார்.

முனியசாமி: துணைவிக்காகவா?

செல்வி: துணைவிக்காக. அவளுக்குப் பிடிக்கும் என்று. கேட்காமலே.

முனியசாமி: நானும்தான் உனக்கு கிரைண்டர் வாங்கித் தந்தேன்.

செல்வி: அது உங்களுக்கு இட்லி பிடிக்கும் என்று.

முனியசாமி: அந்த ஆளுக்கு என்ன லாபம்?

செல்வி: அடுத்த வருடமே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வாங்கிக்கொண்டது. பத்து லட்சம் டாலருக்கும் மேலே.

முனியசாமி: (நீண்ட மௌனம்) உனக்கு என்னென்ன பிடிக்கும், செல்வி?

செல்வி: இப்போது கேட்டு என்ன? தூங்குங்கள்.

(செல்வி போனைப் பிடுங்கி வைக்கிறாள்; அடுத்த படம் பாதியில் நிற்கிறது. விளக்கு அணைகிறது. ஐந்து நிமிடம். காற்றாடிச் சத்தம்.)

முனியசாமி: அந்தக் கடைசிப் படத்தில் இடதுபக்கக் கோடு... அதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும், இல்லையா?

செல்வி: தூங்கவில்லையா?

முனியசாமி: கண்ணை மூடினால் கொக்கியாக வருகிறது. பாதியில் பிடுங்கிவிட்டாய். முடித்திருந்தால் தூங்கியிருப்பேன்.

செல்வி: அதற்கும் ஒரு அம்மா கட்டுரை எழுதியிருக்கிறாள். ஜைகார்னிக் என்று பேர், 1927-ல். முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் மனதில் நிற்கும் என்று. ஓட்டல் சர்வர்கள் பணம் வராத மேசைக் கணக்கை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்களாம், பணம் வந்ததும் மறந்துவிடுவார்களாம்.

முனியசாமி: ஓகோ. அதனால்தான் டீக்கடைக்காரர் என்னைக் கண்டால் அப்படி உருக்கமாகப் பார்க்கிறாரா?

செல்வி: 340 ரூபாய். கட்டிப் பாருங்கள், அப்புறம் உங்கள் பேரே அவருக்கு ஞாபகம் இருக்காது.

முனியசாமி: (விளக்கைப் போடுகிறார்) போனைக் கொடு.

செல்வி: சார்ஜ் போய்விட்டது. இருங்கள், வேறு தருகிறேன்.

(உள்ளே போய் அரிசிப் பானையின் மூடியைக் கொண்டுவருகிறாள். அது மூடி அல்ல, முனியசாமியின் அம்மா வைத்திருந்த பல்லாங்குழிப் பலகை. கூடவே ஒரு டப்பாவில் சோழி.)

முனியசாமி: இதற்கு இரண்டு பேர் வேண்டுமே.

செல்வி: சீதைப் பாண்டிக்கு ஒருத்தர் போதும். அத்தை ஆடுவார்களே, மாமா கடலுக்குப் போன ராத்திரிகளில். அசோகவனத்தில் சீதை தனியாக ஆடினதாம். ஒரு வரிசை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு குழி. முதல் குழியில் ஏழு, அடுத்ததில் ஆறு, அப்படியே ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று.

முனியசாமி: 28 சோழி. சரி.

செல்வி: ஏழு இருக்கிற குழியை அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடைசிக் குழி வந்தால் சுற்றி முதல் குழிக்கு வாருங்கள்.

முனியசாமி: போட்டாச்சு. அட! ஏழு இப்போது இரண்டாவது குழிக்கு வந்துவிட்டது. முதல் குழியில் ஒன்றுதான்.

செல்வி: அந்த ஏழை அள்ளுங்கள்.

(அள்ளுகிறார். போடுகிறார். ஏழு மூன்றாவது குழிக்கு நகர்கிறது. நாலாவது. ஐந்தாவது. சோழி விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. நாக்கு லேசாக வெளியே வந்திருக்கிறது. இன்ஜின் பழுது பார்க்கும்போது மட்டும் வரும் நாக்கு அது. ஏழாவது தடவை போட்டு முடிக்கிறார்.)

முனியசாமி: ஏழு, ஆறு, ஐந்து, நாலு... செல்வி! ஆரம்பித்த மாதிரியே வந்துவிட்டது!

செல்வி: அப்படித்தான் வரும்.

முனியசாமி: கிளம்பின இடத்துக்கே வருவதற்கா இவ்வளவு மெனக்கெட்டது?

செல்வி: நீங்கள் படகை எடுத்துக்கொண்டு போய் எங்கே திரும்பி வருகிறீர்கள்?

(முனியசாமி மறுபடி முதல் குழியை அள்ளுகிறார். இரண்டு சுற்று போகிறது.)

முனியசாமி: எங்கம்மாவிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை, இதைத் தனியாக உட்கார்ந்து என்னத்துக்கு ஆடுகிறாய் என்று. (ஒரு சோழியை விரலில் உருட்டுகிறார்) அப்பா வர நாளானால் விடிய விடிய இந்தச் சத்தம் கேட்கும்.

செல்வி: உங்களுக்கு லேட்டானால் எனக்கு போன்.

முனியசாமி: ம். (கொஞ்ச நேரம் கழித்து) செல்வி, அந்தத் தூண்டில் ஆட்டத்துக்கு டவர் வேண்டுமா?

செல்வி: ஒருதடவை ஏற்றிவிட்டால் டவர் வேண்டாம். ஏன்?

முனியசாமி: சும்மா கேட்டேன். தடை முடிந்ததும் கடலுக்குப் போவோம். வலையை இறக்கிவிட்டால் இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான், மணிக்கணக்காக. அந்த நேரத்தில்...

செல்வி: படகை ஓட்டுவது யார்?

முனியசாமி: நான்தான்.

செல்வி: பாலத்துத் தூணில் போய் முட்டினால் ‘டக்’ என்று சத்தம் வந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்காது.

முனியசாமி: அது தெரியாதா எனக்கு! கரையில் இருக்கும்போது மட்டும்தான். சார்ஜரை எங்கே வைத்தாய்?