உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதிய கடிதங்கள்

"லிங்கனும் மத்தவங்க மாதிரிதான், ஓட்டுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தவர்தான்" என்று, அமெரிக்க அடிமைமுறை பற்றிய பேச்சில் ஒரு நண்பர் போன வாரம் சொன்னார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தலைவர்களின் கடிதங்களைச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1827இலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் கட்சி என்பதே பெரும்பாலும் தபால் பைக்குள்தான் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது. ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பிடித்தால் ஒரு மாநிலத்தையே பிடித்த மாதிரி. அந்த ஆண்டு ஜனவரி 13 அன்று நியூயார்க் செனட்டர் மார்ட்டின் வான் பியூரன், வர்ஜீனியாவின் 'ரிச்மண்ட் என்குவயரர்' ஆசிரியர் தாமஸ் ரிச்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். தெற்கின் தோட்ட முதலாளிகளும் வடக்கின் எளிய குடியரசுவாதிகளும் பழையபடி கைகோக்க வேண்டும், ஆண்ட்ரூ ஜாக்சனை ஜனாதிபதி வேட்பாளராக முன்னிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். கட்சிப் பற்று தளர்ந்தால் அந்த இடத்தில் அடிமை மாநிலம், அடிமையில்லா மாநிலம் என்ற பகை வந்து உட்கார்ந்துவிடும். மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்று 1819 முதல் 1821 வரை நடந்த சண்டையில் அவர் பார்த்துப் பயந்தது அதைத்தான்.

1828இல் ஜாக்சன் ஜெயித்தார். இன்றைய டெமாக்ரடிக் கட்சியின் வேர் அந்தக் கூட்டணியில் இருக்கிறது. நவீனக் கட்சி அமைப்பையே உருவாக்கிய கடிதம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைப் பாராட்டுவார்கள். மூளை அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1830 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் அடிமைகள் மட்டும் 20 லட்சம் பேர். ஊர் இரண்டுபடாமல் இருக்க அவர் போட்ட கணக்கில் அந்த 20 லட்சம் பேர் வரவே இல்லை.

வான் பியூரனின் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. அவரிடம் அடிமையாக இருந்த டாம் என்பவர் தப்பிப் போய்ப் பத்து ஆண்டுகள் ஆனபின், அவர் இருக்கும் இடம் தெரியும், விலைக்குத் தருகிறீர்களா என்று ஒருவர் 1824இல் கேட்டு எழுதினார். அடிதடி இல்லாமல் பிடிக்க முடிந்தால் 50 டாலருக்குத் தருகிறேன் என்று அதே தாளின் பின்பக்கம் வான் பியூரன் குறித்து வைத்தார். ஒரு மனிதனின் விலையை இப்படிக் கடிதத்தின் முதுகில் எழுத முடிந்தவருக்கு, ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில் எதுவும் உறுத்தியிருக்காது.

அந்தக் கூட்டணி எதைக் கட்டிக் காத்தது என்பது 1835இல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அடிமைமுறைக்கு எதிரான சங்கம் நியூயார்க்கிலிருந்து அனுப்பிய துண்டுப் பிரசுரங்கள் ஜூலை 29 அன்று கப்பலில் தெற்கே தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வந்து இறங்கின. அன்றிரவே ஒரு கும்பல் தபால் நிலையத்துக்குள் புகுந்து அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் இரவு பெருங்கூட்டம் கூடி வேடிக்கை பார்க்க, அடிமைமுறை எதிர்ப்பாளர்களான கேரிசன், ஆர்தர் டப்பன் ஆகியோரின் கொடும்பாவிகளோடு அதைக் கொளுத்தினார்கள். இனி என்ன செய்வது என்று போஸ்ட்மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். ஜாக்சனின் தபால் துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல் எழுதிய பதிலைப் பாருங்கள்: சட்டத்துக்கு நாம் கடமைப்பட்டவர்கள், ஆனால் நாம் வாழும் சமூகத்துக்கு அதைவிட மேலான கடமை உண்டு. கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டிய துறையின் தலைவர் எழுதிய கடிதம் இது! அடுத்த ஆண்டு, இப்படிப்பட்ட பிரசுரங்களைத் தபாலில் தடுக்கத் தென் கரோலினா செனட்டர் கல்ஹூன் ஒரு மசோதா கொண்டுவந்தார். செனட்டில் வாக்குகள் சமமாக நின்றபோது அதற்கு ஆதரவாகத் தன் ஓட்டைப் போட்டவர், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த வான் பியூரன். மசோதா கடைசியில் தோற்றது. அவரே 1848இல், அடிமைமுறை புதிய நிலங்களுக்குப் பரவக் கூடாது என்ற கட்சியின் வேட்பாளராக நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி லிங்கன். 1859 ஜூலை 6 அன்று இண்டியானா காங்கிரஸ் உறுப்பினர் ஷுய்லர் கோல்ஃபாக்ஸுக்கு எழுதுகிறார். அடிமைமுறை பரவக் கூடாது என்று தொடங்கிய அவருடைய ரிபப்ளிகன் கட்சிக்கு அப்போது ஐந்து வயதுதான். மாசசூசெட்ஸ்காரர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்களை எதிர்க்கிறார்கள், ஓஹையோக்காரர்கள் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தை ரத்து செய்யச் சொல்கிறார்கள், கான்சாஸில் இன்னொன்று. ஓரிடத்தில் கைதட்டல் வாங்குவது வேறோரிடத்தில் கொள்ளிக்கட்டை ஆகிவிடும், ஒத்துப்போக முடியாத விஷயங்களில் பேசாமலாவது இருங்கள் என்கிறார். மேலோட்டமாகப் படித்தால் வான் பியூரன் சொன்னதேதான். நண்பர் சொன்ன பாதி உண்மை இதுதான்.

மீதி 1860 டிசம்பரில் வருகிறது. லிங்கன் ஜெயித்தாகிவிட்டது, இன்னும் பதவியேற்கவில்லை. அடிமை மாநிலங்களான தெற்கு பிரியப்போகிறது. எதையாவது விட்டுக்கொடுத்து நாட்டைக் காப்பாற்று என்று சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்குகிறார்கள். டிசம்பர் 10 அன்று ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து செனட்டர் டிரம்புலுக்கு எழுதினார்: அடிமைமுறையைப் பரவ விடும் விஷயத்தில் சமரசமே வேண்டாம். இழுபறி வந்தே தீரும், பிறகு வருவதைவிட இப்போதே வரட்டும். மூன்று நாள் கழித்துக் காங்கிரஸ் உறுப்பினர் வாஷ்பர்னுக்கு எழுதும்போது, எஃகுச் சங்கிலிபோல் உறுதியாக நில்லுங்கள் என்றார். வான் பியூரன் எதைப் பேசவிடாமல் அமுக்கக் கட்சி கட்டினாரோ, அதற்காகவே இவர் கட்சியைக் காத்துவைத்திருந்தார். இரண்டு மௌனத்தையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. 1861 பிப்ரவரி 1 அன்று தன் கட்சி செனட்டர் சீவார்டுக்கு எழுதியதில், தப்பியோடிய அடிமைகள் விஷயம் போன்றவற்றில் மிகவும் அநியாயமாக இல்லாதவரை எனக்குப் பெரிதாக அக்கறை இல்லை என்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. ஒளிந்து ஒளிந்து வடக்கே வந்து சேர்ந்த ஒருவரை மறுபடி பிடித்துக் கட்டி அனுப்புவதுதான் அந்த 'விஷயம்'.

அவருக்குத் தெரியாததா? 1855 ஆகஸ்ட் 24 அன்று, அடிமைகளை வைத்திருந்த தன் உயிர் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு அவரே எழுதியிருக்கிறார்: அந்தப் பாவப்பட்ட ஜனங்களை வேட்டையாடிப் பிடித்துச் சவுக்கடிக்கே திருப்பி அனுப்புவதைப் பார்க்க வெறுப்பாக இருக்கிறது, ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். 1841இல் நாம் இருவரும் நீராவிப் படகில் போனபோது சங்கிலியில் கட்டியிருந்த அடிமைகளைப் பார்த்தோமே, அந்தக் காட்சி இன்னமும் என்னை வதைக்கிறது என்றும் எழுதுகிறார்.

அந்தப் பயணம் முடிந்த கையோடு, 1841 செப்டம்பரில், ஸ்பீடின் சகோதரி மேரிக்கும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பன்னிரண்டு பேர், ஆறு ஆறு பேராக. ஒவ்வொருவரின் இடது மணிக்கட்டிலும் ஒரு சின்ன இரும்பு வளையம். தூண்டில் கயிற்றில் கோத்த மீன்களைப் போல் இருந்தார்களாம். அவர்களில் ஒருவரை விற்றதற்குக் காரணம், மனைவி மேல் அளவுக்கு மீறிப் பாசம் வைத்திருந்தாராம். படகு போகப் போக அவர் ஓயாமல் பிடில் வாசித்துக்கொண்டே வந்தார் என்று அதில் இருக்கிறது. அவர் பெயர் இரண்டு கடிதங்களிலும் இல்லை.