இரத்தப் புள்ளி கருவுக்கு அடையாளம் அல்ல

மஞ்சள் கருவில் இரத்தப் புள்ளி இருந்தால் அது கரு கூடிய, அதாவது குஞ்சு பொரிக்கக்கூடிய முட்டை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். தவறு. முட்டை உருவாகும்போது கோழிக்குள் சிறு இரத்தக்குழாய் வெடித்தால் அந்தப் புள்ளி விழும். சேவலையே பார்க்காத கோழியின் முட்டையிலும் விழும்.

பார்க்க வேண்டியது மஞ்சள் கருவின் மேலுள்ள வெள்ளைப் பொட்டுதான். ஓரம் ஒழுங்கில்லாமல், சிறிதாக, அடர்த்தியாகத் தெரிந்தால் கரு இல்லை. சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக வளையம் கட்டியிருந்தால் கரு உண்டு.

உடைக்க மனமில்லையா? ஒரு வாரம் அடைவைத்தபின் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போல நரம்புகள் ஓடும். ஓடாதது பெரும்பாலும் கூமுட்டைதான். இன்று இட்ட முட்டையில் டார்ச் அடித்துப் பயனில்லை.

‘சேவலைப் போன வாரமே விற்றுவிட்டேன், இனி முட்டையில் கரு இருக்காது’ என்பதும் செல்லாது. விந்து கோழிக்குள் 2 வாரம்கூடத் தாங்கும்.